ஒன்பதில் பதினொன்று

ஏழாம் நாள் இரவே எனக்குத் தெரிந்துவிட்டது.
கைப்பேசி விளக்கை முட்டையின் அடியில் பிடித்துப் பார்த்தேன்:
ஒரு நரம்பில்லை. ஒரு புள்ளியில்லை.
நீல ஓட்டுக்குள் வெறும் வெளிச்சம்,
மழை விட்ட மறுநாள் அச்சாவோ கடல் போல.
ஒன்பதும் அப்படியே.

சுனில்தா கொடுத்த முட்டைகள்.
ஆகஸ்டிலேயே அவள் சேவலை நாய் கடித்துப் போட்டிருக்கிறது.
"கோழி இட்டுக்கொண்டேதானே இருந்தது, தோன்றவே இல்லை" என்றாள்
வேலியில் ஈரத்துணியைப் பிழிந்தபடி.

கமிசாரியாவிடம் யார் சொல்வது?
பெயருக்கேற்ற கோழி.
கை நீட்டினால் முதலில் முறைப்பு, அப்புறம் கொத்து.
விறகடுப்புக்குப் பின்னால் உருளைக்கிழங்குக் கூடையில்
ஊற்றிய மாவாகப் பரந்து கிடந்தாள்.
மார்பிறகைத் தானே பிடுங்கி
வெறும் தோலின் சூட்டை முட்டைக்குக் கொடுத்திருந்தாள்.
நாளுக்கு ஒருமுறை எழுந்து
நாற்றமாய் ஒரு பெரிய எச்சம்,
நாலு மணி கோதுமை, ஒரு வாய் தண்ணீர்,
சாம்பலில் ஒரு புரளல்.
கால் மணியில் ஓடிவருவாள்,
ஷிப்டுக்குப் பிந்திவிட்டவள் போல.

அடை தெளியவைக்க வழி உண்டு.
வாளித் தண்ணீரில் முக்கலாம். கம்பிக் கூண்டில் தொங்கவிடலாம்.
செய்யவில்லை.
சால்மன் ஆலையில் எனக்கு இரவு வேலை.
பத்து மணி நேரம் பனிக்கட்டியில் முள் பிடுங்கி
விரல் செத்து வீடு வரும்போது
அந்த மூலை ஒன்றுதான் சூடாக இருந்தது.
அவள் வயிற்றடியில் கை நுழைப்பேன்.
கொத்துவாள். கொத்தட்டும்.
உணர்ச்சி திரும்பிவிட்டதா என்று
எனக்கும் தெரியவேண்டுமே.

பதினெட்டாம் நாள் புவேர்த்தோ மொன்த்துக்குப் பணம் அனுப்பினேன்.
இருபத்தோராம் நாள் மாலைப் படகில் வந்தது
துளையிட்ட அட்டைப் பெட்டி.
எலியேசர் அதை இயந்திர அறைச் சுவரோரம் வைத்திருந்தான்.
"வழியெல்லாம் பேச்சு, பயணிகள் தேவலை" என்றான்.
பன்னிரண்டில் ஒன்று மூலையில் பேசாமல் கிடந்தது.

இரவு ஒரு மணி. அடுப்பின் சிவப்பு மட்டும்.
ஒரு முட்டையை எடுத்தேன், ஒரு குஞ்சை நுழைத்தேன்.
ஒரு முட்டையை எடுத்தேன்.
திருடுகிறேனா கொடுக்கிறேனா, கைக்கே புரியவில்லை.
நாலாவது குஞ்சு கீச்சிட்டது.
கமிசாரியா அசையவில்லை.
அப்புறம், தொண்டைக்கு அடியிலிருந்து,
இத்தனை நாளில் நான் கேட்டிராத குரல்:
கொர்... கொர்... கொர்...
உடம்பு முழுதும் அரை விரல் உயர்ந்தது,
மாடு பூட்டி வேறு மேட்டுக்கு இழுத்துப்போக
நெம்பி எடுத்த மரவீடு மாதிரி.

விடிந்ததும் எண்ணினேன். பத்து.
கருப்புக் குஞ்சை மட்டும் மண்டையில் கொத்தி
வெளியே தள்ளியிருந்தாள். திரும்ப விட்டேன். திரும்பத் தள்ளினாள்.
கம்பளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
ஆலைக்குத் தொலைபேசியில் சொன்னேன், வயிறு சரியில்லை என்று.
பொய்யில்லை. பகல் பூராவும்
ஓர் உயிர் அங்கே சுரண்டிக்கொண்டுதான் இருந்தது.

மறு இரவு, கூடைக் குப்பையை அதன் மேல் தேய்த்து
நடுவில் செருகினேன்.
காலையில் அது அவள் முதுகில் ஏறி நின்று
என்னை யாரென்று பார்த்தது.

கூமுட்டைகளை நல்கா இலைகளுக்கு அடியில் புதைத்தேன்.
ஒன்று மண்வெட்டி பட்டு வெடித்தது.
மூன்று நாள் கையில் நாற்றம்.
மீன் நாற்றத்தையே அது அமுக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை புந்தா அரேனாஸிலிருந்து நொல்பெர்த்தோ கூப்பிட்டான்,
லாரியை ஓரங்கட்டி.
"எத்தனை பொரித்தது?"
"பதினொன்று."
"ஒன்பது முட்டைதானே வைத்தாய்?"

தகரக் கூரையில் மழை.
அடுப்படியில் கமிசாரியா
வெந்த கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து, போட்டு,
எடுத்து, போட்டு
ஊரையே கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்கவில்லை, நொல்பெர்த்தோ" என்றேன்,
"இங்கே ஒரே மழை."