வியாழக்கிழமை நாலு மணி

பெருந்துறை ரோட்டில், டயர் கடைக்கு மேலே,
மாடி ஹால்.
தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறார்கள்,
முழத்துக்கு ஒன்று,
தண்டவாளக் கட்டை மாதிரி.
மூணு மணிக்கு மாத்திரை போட்டால்
நாலு மணிக்குக் கால் திறக்குமாம்.
ஐந்தரைக்கு மறுபடி பூட்டிக்கொள்ளும்.
நடுவில் ஆட வேண்டும்.

எனக்கு வேலை தப்படிப்பது.
சாவுக்கும் சாமிக்கும் அடித்த கை.
நடுவில் இப்படி ஓர் இடம் இருப்பது
பானு மேடம் போன் பண்ணும்வரை தெரியாது.
"ஸ்பீக்கர்ல பாட்டு வச்சுப் பார்த்தோம்,
அது யாருக்காகவும் நிக்காது.
நீங்க நிப்பீங்க."
ஐநூறு ரூபாய். டீ தனி.

மாடியில் தீ மூட்ட முடியாது.
மொட்டைமாடி வெயிலில் தப்பைக் காயவைத்து
உள்ளே கொண்டுபோனால்
பதினோரு பேர், பதினோரு நாற்காலி.
ஒரு முகத்திலும் அசைவில்லை.
என்மேல் கோபமோ என்று நினைத்தேன்.
"கோபமில்லீங்க,
இந்த வாரம் சிரிப்பு வந்தா
அடுத்த வாரந்தான் மூஞ்சிக்கு வந்து சேரும்"
என்றார் ரிட்டயர்டு கண்டக்டர் கிட்டுசாமி,
சிரிக்காமல்.

அவர்கள் கை என் குச்சியைவிட வேகம்.
டம்ளரைப் பிடித்தால் நொடிக்கு அஞ்சு அடி.
முதல் நாள் அதோடு போட்டி போட்டேன்.
மேடம் கையமர்த்தினார்:
"துரத்தாதீங்கண்ணா. ஒரு அடி, ஒரு கால்."

ஒரு அடி, ஒரு கால்.
தெய்வாத்தாள் எழுந்து கும்மிக்குக் குனிந்தார்.
சோற்றை வாய்வரை கொண்டுபோகாத கை
இன்னொரு கையைத் தேடிப் போய்
சரியாகத் தட்டியது.
குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை.
ஐந்தரைக்கு அவருக்குச் செருப்பு மாட்ட
இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவது வாரம் சென்னியப்பன் வந்தார்.
பெயரைக் கேட்டதும் அவருக்கு என் ஊர் தெரியும்,
ஊரைக் கேட்டதும் தெரு.
அவர் தோட்டத்தில்தான்
என் அப்பன் பண்ணையத்தில் இருந்தது.
இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

ஆட்டத்தில் ஒழுங்காகத்தான் வந்தார்.
முடிந்து வெளியே போகையில்
கதவுப்படியில் கால் ஒட்டிக்கொண்டது.
மேல் உடம்பு போகிறது, கீழ் உடம்பு வரவில்லை.
மகன் இழுத்தான். "இழுக்காதீங்க" என்றார் மேடம்.
பின்னால் வரிசை நின்றுவிட்டது.

மாவிளக்கு ஊர்வலத்தில்
தட்டுக்கு முன்னால்
பின்னோக்கி நடந்தே அடிப்போம்.
கோயில் வாசல் வந்ததும் நாங்கள் நின்றுகொள்வோம்,
தட்டு உள்ளே போகும்.
வாசலில் நிற்பது எப்படியென்று
எனக்குத் தெரியும்.

கதவுக்கு அந்தப் பக்கம் போய்
அவர் முகத்தைப் பார்த்து நின்று
மெதுவாக எடுத்தேன்.
முதல் அடிக்கு ஒன்றுமில்லை.
நாலாவதுக்குக் கட்டைவிரல்.
ஒன்பதாவதில் வலது கால் படியைத் தாண்டியது.
நான் பின்னால் பின்னால் போக
அவர் வந்தார்,
பெரிய தட்டு ஏந்தியவர் மாதிரி
கையை முன்னால் நீட்டிக்கொண்டு.

படிக்கட்டில் அடிக்க முடியாது.
தப்பை மகனிடம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.
அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.
பதினெட்டுப் படி.

காரில் ஏறும் முன் திரும்பி
ஏதோ சொன்னார்.
இந்த நோய் குரலையும் தேய்த்துவிடும்.
டயர் கடையில் வேறு காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.
அடுத்த வியாழன் வா என்றாரா,
வாங்க என்றாரா,
கேட்கவில்லை.
திரும்பக் கேட்டிருக்கலாம்.

ஈரோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன்.
தோளில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
நொடிக்கு அஞ்சு.