தறி நிற்கும் நேரம்

மத்தியானம் ரெண்டரைக்குத் தறி நிற்கும் எங்கள் வீதியில்.
கரண்ட் போவதில்லை. கூலிப் பிரச்சனையும் இல்லை.
சஷ்டிகா தூங்குகிற நேரம் அது.
ராத்திரியில் அவள் தூங்குவதில்லை.

பன்றி விரட்ட வாங்கிய இரட்டைக்குழல்.
லைசென்ஸ் அப்பன் பேரில். கொண்டு வந்தவன் பதினொன்றாவது.
ரெண்டே வெடி.
ஆறாம் வகுப்பு, பி பிரிவு, சமூக அறிவியல் பாடவேளை.

பதினோராம் நாள் ஈரோட்டிலிருந்து கூட்டி வந்தோம்.
தோளுக்குள் இன்னும் நாலு ரவை இருக்கிறது,
நோண்டினால் நரம்பு போகும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர்.
வீதிக்குள் ஆட்டோ திரும்பியது.
ரெண்டு பக்கமும் தறி,
டக்கட டக்கட டக்கட.
பதினோரு வயசுப் பிள்ளை
சீட்டுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்,
அந்தச் சத்தத்திலேயே தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை.

வந்தார்கள், எல்லோரும் வந்தார்கள்.
ஒரே காசோலையை மூணு தடவை வாங்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.
யாரோ கரடி பொம்மை அனுப்பினார்கள், ஒரு பெட்டி நிறைய.
நிவாரணப் படிவத்தில் ஒரு கட்டம்:
பாதிப்பு எத்தனை விழுக்காடு?
நாற்பதுக்குக் கீழே என்றால் நிதி கிடையாது.
தோளுக்குப் பதினெட்டு போட்டிருந்தார்கள்.
"தூக்கத்துக்கு எத்தனைங் சார் போடுவீங்க?" என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.

எதிர்வீட்டு அப்பாச்சியண்ணன் எதுவும் கேட்கவில்லை.
மறுநாள் ரெண்டரைக்குப் பன்னிரண்டு தறியையும் நிறுத்திவிட்டு
வாசலில் நின்று பீடி பற்றவைத்தார்.
அப்புறம் பக்கத்துக் குடோன். அப்புறம் முக்கு வீடு.
ஒரு தறி மணிக்கு நாலு மீட்டர் ஓடும்.
வீதியில் நூற்றி முப்பது தறி.
கணக்குப் போட ஆரம்பித்துக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

தீபாவளிக்கு ஒரு வெடி வெடிக்கவில்லை.
"கொளத்துல அடையற குருவி கொக்குக்கே
வெடிக்காத ஊரு நம்ம பக்கம் இருக்குதுங்,
ஒரு புள்ளைக்கு வெடிக்காட்டி என்ன ஆயிருச்சு?"
என்றாள் சம்பூரணம். சாக்குப்பை நிறையப் பட்டாசு வாங்கி
ஊருக்கு விற்கிறவள் அவள்தான்.

சனிக்கிழமை சொசைட்டி குடோனில் கூடுகிறோம்.
நூல் மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வோம்.
ஜெனிட்டா மேடம் பஸ் மாறி வருவார்,
பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்.
மௌலீஸோட அம்மா தெய்வாத்தாள்
மடியில் நிலக்கடலை வைத்து உரித்துக்கொண்டே இருப்பாள்.
ஒன்றையும் தின்னமாட்டாள்.
"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்.
நாலு பேரு பேசறத கேட்டுட்டு இருக்கறன்."
போகும்போது உரித்ததை என் கையில் கொட்டிவிட்டுப் போவாள்.

ஒரு சனிக்கிழமை, வெளியே, புளியமரத்து மொபெட்டுக்குப் பின்னால்
சாந்தாமணி நின்றாள்.
அந்தப் பையனைப் பெற்றவள்.
அவள் ஊற்றுகிற பாலை எங்கும் வாங்குவதில்லையாம்.
நான் பார்த்தேன். கூப்பிடவில்லை.
கூப்பிட்டதாக யாரும் பிற்பாடு சொல்லிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன்.

அடுத்த வாரம் கடைசி மூட்டையில் இருந்தாள்.
தெய்வாத்தாள் எழுந்து வெளியே போனாள்,
கடலை தரையெல்லாம் சிதறியது.
அதற்கடுத்த வாரம் ரெண்டு பேருமே வரவில்லை.
இப்போது வருகிறார்கள்,
ஆளுக்கொரு மூலை, நடுவில் நாற்பது சிப்பம் நூல்.
சமாதானம் என்று யாரும் அதைச் சொல்லவில்லை.

தை மாசம் ஒரு நாள் சஷ்டிகா கேட்டாள்:
"என்னாலயாம்மா தறி ஓட்டறதில்ல?"
பதில் சொல்வதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.
"ஒண்ணே ஒண்ணு மட்டும் ஓட்டுங் மாமா."
அப்பாச்சியண்ணன் என்னைப் பார்த்தார்.
மூலைத்தறி, பழசு, சுவிட்சைத் தட்டினார்.
என் முந்தானை அவள் முஷ்டிக்குள் கசங்கியது.
கண்ணை மூடி எண்ணினாள். நாற்பது வரைக்கும்.
"போதுங் மாமா."

தினமும் போகிறோம்.
முந்தாநாள் ஐம்பத்தைந்து.
நேற்று எழுபத்திரண்டு.
இன்றைக்குப் பத்தொன்பது.