ஓடாத முந்நூறு மீட்டர்

கியூம்ரியில் பனி விலகாத காலை.
என் லாடாவின் வேகமுள்
நாற்பதுக்குக் கீழே அறுந்த பல்லிவாலாய்த் துடித்துவிட்டுப்
பூஜ்யத்தில் படுத்து மூன்று வாரம்.

வாரஸ்தாத் கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றினான்.
கிரீஸ் காய்ந்திருந்தது; கம்பி அறுபடவில்லை.
அதன் சதுர நுனியை டிரில்லுக்குக் கவ்வக் கொடுத்து
விசையை அழுத்தினான். ஒன்றுமில்லை.
"சே, இடம்புரி" என்று திசையை மாற்றினான்.

எண்பது!

ஜாக்கில் நிற்கிற வண்டிக்குள்
சக்கரம் அசையாமல்
எண்பதில் போய்க்கொண்டிருந்தேன்.
கை தானாக ஸ்டீயரிங்கைப் பிடித்தது.

கேபிள் நல்லதுதான்.
கியர்பாக்ஸிலிருந்து வந்தது
பல் மொட்டையான ஒரு பிளாஸ்டிக் சக்கரம்,
கட்டைவிரல் அளவு.

ஓடாத முந்நூறு மீட்டர்
கணக்கில் ஏறிவிட்டதாம், குறைக்கவா என்கிறான்.
இருக்கட்டும்.
மூன்று வாரமாய் யெரெவானுக்குப் போய்வந்தேனே,
அதை யார் எழுதினார்கள்?