மதியச் சாப்பாடு

சின்ச்சுவில் அக்டோபர் என்றால் காற்று.
நிறுத்தத்தில் ஸ்கூட்டர்கள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.
மூன்றாம் மாடியில், ஜன்னல் திறக்காத ஆய்வறையில்,
காற்றே இல்லாமல் பிழைக்கவேண்டிய ஒன்றை
மேசைமேல் வைத்திருக்கிறோம்.

சுண்டுவிரல் நகத்தளவு சில்லு.
விசிறி கிடையாது.
டேப்லெட்டின் மெல்லிய முதுகுதான்
அது மூச்சுவிடும் வழி.
நான்கு கருக்கள் ஓடும், நான்கு நடக்கும்,
மீதி நிலம் பெரும்பாலும் இருட்டு.
எல்லா விளக்கையும் ஒருசேரப் போட்டால் வெந்துபோகும் என்று
தெரிந்தே கட்டிய வீடு.

எந்த அறைக்கு எப்போது மின்சாரம் என்பதை
சியூ யீ-ஜுன் இரண்டு வருடம் எழுதினாள்.
தன் நிச்சயதார்த்தத்துக்கே தாமதமாகப் போனவள்
நானோநொடிகளுக்காகச் சண்டை போடுவாள்.

சோதனைப் பலகைமேல் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம்:
இயந்திரம் சமர்த்தாக இருக்க.
காலாவதி தேதி பார்த்து மாற்றுவது என் பொறுப்பு.

முதல் நிமிடம் எண்கள் தாவின.
ஏழாவது நிமிடம் முதுகு நாற்பத்துமூன்று டிகிரி.
அவள் எழுதிய விதி விழித்தது,
வேகம் இறங்கியது.
"யாரோ ஒரு குழந்தை மடியில் வைத்துப் படம் பார்க்கும்,"
என்றாள், திரையைப் பார்த்தபடி.

வியாழக்கிழமை மேலாளர் ஹுவாங் ஒரேயொரு வரி கேட்டார்:
மதிப்பெண் போடும் செயலியின் பெயர் தெரிந்தால்
அப்போது மட்டும் விதி தூங்கட்டும்.

யீ-ஜுன் எழுதவில்லை.
நானும் எழுதவில்லை என்று சொல்ல ஆசை.

அன்றிரவு கோடு கடைசிவரை தட்டையாக ஓடியது.
ஐம்பத்தொன்று டிகிரி.
விற்பனைப் பிரிவு கேக் அனுப்பியது.

அவள் கேக் தின்றாள். விரலைத் துடைத்தாள்.
அதே சோதனையை நகலெடுத்து
'மதியச் சாப்பாடு' என்று பெயர் வைத்து ஓட்டினாள்.
அதே கணக்கு, அதே சுமை.
ஏழாவது நிமிடம் சில்லு மூச்சு வாங்கியது.

ஆள் பார்த்து இலை போடும் பந்தி.

இரண்டு கோடுகளும் ஒரே தாளில்,
காபி இயந்திரத்தின் மேல், கையெழுத்தில்லாமல்.
பத்து மணிக்குத் தாளைக் காணோம்.
ஒட்டுநாடாவின் நான்கு துண்டுகள் மட்டும்.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
குற்றத்தை அதன்மேல் போடலாமா என்று.
இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

எல்லோரும் போனபின்
டேப்லெட்டை என் தொடைமேல் வைத்து
பெயரை மாற்றாமல் ஓட்டினேன்.
வெளியே ஒரு ஸ்கூட்டர் விழும் சத்தம்,
பிறகு இன்னொன்று.
பதினோராவது நிமிடம்வரைதான் முடிந்தது.