அளவு நோட்டு

மாணவர், பாடம், மதிப்பெண்.
மறுபடியும் மாணவர், பாடம், மதிப்பெண்.
பினாங்கு ரோடு, மூன்றாம் மாடி வகுப்பில்
எட்டு வாரமும் இதே மூன்று அட்டவணை.
அந்த மாணவன் ஒரு நாளும் வீடு மாறவில்லை,
பாதியில் நிற்கவில்லை, கட்டணம் பாக்கி வைக்கவில்லை.
சான்றிதழில் என் பெயர்தான் தப்பு.

பாயான் லெப்பாஸில் ஆலையை மூடி
பத்தொன்பது வருஷத்தைக் கவரில் போட்டுத் தந்தபோது
எனக்கு நாற்பத்து மூன்று.
நேர்முகத்தில் கேட்டார்கள்:
"நிஜமா ஏதாச்சும் கட்டியிருக்கீங்களா?"
வீடுகூடக் கட்டியதில்லை என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

கடை கடையாய்க் கேட்டுப் போனேன்.
டயர்க்கடையில் கணக்கை வெளியே காட்ட மாட்டார்களாம்.
பூக்கடைக்காரர்,
"சாயங்காலத்துக்குள்ள வாடிடும், எதுக்குப்பா பதிவு?"
மார்க்கெட் ஸ்திரீட்டில் ரவிக்கை தைக்கும்
ஜொஹரா பீவிதான் நோட்டைத் தூக்கிப் போட்டாள்.
"காசு கிடையாது. தே ஓ உண்டு."

ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒன்பது அளவு.
ஒரே அட்டவணை போதுமென்று போட்டேன்.
முதல் வாரமே ஒழுகியது.
ஜெலுத்தோங் திலகேஸ்வரியின் அளவில் தைத்தது
ஆயர் ஈத்தாம் திலகேஸ்வரிக்கு
முழங்கைக்கு மேல் ஏறவில்லை.
பெயரை நம்பாதே, எண் கொடு என்று
எட்டு வாரம் கேட்டது
அன்றுதான் காதில் விழுந்தது.

பிறகு சாந்தரூபிணி.
பழைய அளவை அழித்துப் புதியதைத் தட்டப் போனேன்.
கையைத் தட்டிவிட்டாள் ஜொஹரா.
"அளவு ஆளோடது இல்லண்ணே.
ஆளோட அந்த நாளோடது."

பிரித்தேன்.
ஆள் தனி. அளவு தனி, தேதியோடு.
ஓர் எண் மட்டும் அங்கிருந்து இங்கே கை நீட்டும்.
தைப்பூசத்துக்கு முப்பத்தெட்டு.
ஏப்ரலில் முப்பத்தேழு.
தீபாவளிக்கு முப்பத்து மூன்று,
பக்கத்தில் பென்சிலில்:
இடது பக்கம் பஞ்சு வைக்கணும்.

அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.
மார்பு என்று ஒன்றுதான் வைத்திருந்தேன்.
இடது, வலது என்று இரண்டாக்கக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

மயில்கழுத்து நிற ரவிக்கை
இன்னும் அலமாரியில் மடிப்பு கலையாமல்.
"வராதவங்கள எடுத்துடலாமா?"
ஆளை அழித்தால் அளவெல்லாம் தானே அழியும்;
அப்படித்தான் அமைத்திருந்தேன்.
தையல் மெஷின் ஒரு கை முழுக்க ஓடி நின்றது.
"வாங்கிட்டுப் போன தேதின்னு கட்டம் இருக்கா?"
இருக்கிறது.
"அது சும்மா இருக்கட்டும்."
வெறுமை வேறு, பூஜ்யம் வேறு என்று
வகுப்பில் பரீட்சைக்கே வந்த கேள்வி. இரண்டு மதிப்பெண்.
தானே அழிவதை அன்றிரவே நிறுத்தினேன்.

வியாழக்கிழமை பட்டர்வொர்த்தில் இன்னொரு நேர்முகம்.
ஃபெரிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன்.
"ஆம்பளச் சட்டை தைக்கிறதில்ல" என்றபடியே
நாடாவைக் கழுத்தில் சுற்றினாள்.
பதினைந்தரை.
"தேதி போட்டுக்குங்க."