பிற வருமானம்

மூன்றாம் பக்கத்தில் கேட்கிறார்கள்,
வீட்டின் கூரை எதனால் ஆனது?
ஓடு.
எழுதிவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.
எனக்கு எட்டு வயதில்
சுவிஸ் காசு வந்து வேய்ந்த ஓடு.
பத்து வயதுக்குப் பிறகு அந்த வழியால்
மழை மட்டுமே வந்தது.

தந்தையின் தொழில்: தெரியாது.
தாயின் தொழில்: நண்டு உடைத்தல்.
அப்படியொரு தொழில் படிவத்துக்குத் தெரியாதாம்.
'கூலி எண்டு போடு பிள்ளை' என்றார்
சங்கானைச் சந்தியில்
நிழற்படி எடுக்கும் கடைக்காரர்.
போட்டேன்.

ஆண்டு வருமானம்.
அம்மா விரல்களை விரித்துப் பார்த்தாள்.
அதைக் கீறி வைத்ததும் ஓடுதான், நண்டின் ஓடு.
'கிலோக் கணக்கடி.
சோளகம் இறுக்கினால் வள்ளம் இறங்காது,
வள்ளம் இறங்காட்டில் கொம்பனி கூப்பிடாது,
கூப்பிடாத நாளை எதாலை பெருக்கிறது?'
தூய கணிதத்தில் ஏ எடுத்தவள் நான்.
விடையை மூன்று முறை வெட்டி எழுதினேன்.

வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தூரம்.
சுழிபுரத்தில் இருந்து மாத்தறை.
நாட்டின் ஒரு நுனியில் இருந்து மறு நுனி.
நல்ல காலம், அந்தப் பெட்டி பெரிது.

கிராமசேவகர் திருக்கேதீசன் வந்தார்.
மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே
கேற்றைப் பார்த்தார்.
இரண்டு இரும்பு அன்னங்கள்,
ஒன்றுக்குக் கழுத்தில்லை, துருவாகிப் போனது.
'தேப்பன் வெளியில எண்டு ஊருக்கே தெரியும்.
நான் வறுமை எண்டு கையெழுத்து வைச்சால்
நாளைக்கு எனக்குப் பெட்டிசம் போகும்.'
வங்கிப் புத்தகத்தை நீட்டினேன்.
வட்டி நான்கு ரூபாய்.
வட்டி நான்கு ரூபாய்.
வட்டி மூன்று ரூபாய் எண்பது சதம்.
வாசித்து முடித்துப் பிளேன்ரீயையும் குடித்து முடித்தார்.
'காசு அனுப்பிறேல்லை எண்டு
அவரிட்டையே ஒரு கடிதம் வாங்குங்கோ.'

மாமியிடம் இலக்கம் வாங்கினேன்.
ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எடுக்கிறேன்.
'ஆர் கதைக்கிறது?'
பெயரைச் சொன்னேன்.
முழுப்பெயரையும் சொன்னேன்,
அதில் அவர் பெயரும் இருந்தது.
பின்னால் ஒரு குழந்தை ஜெர்மன் மொழியில்
எதற்கோ அடம்பிடித்து அழுதது.

கேம்பசுக்கு எடுபட்டதைச் சொன்னேன்.
உதவிப்பணம், நேர்முகம், கடிதம் எல்லாம் சொன்னேன்.
'மாதம் எவ்வளவு தருவாங்கள்?'
சொன்னேன்.
பிராங்கில் கணக்குப் பார்த்திருப்பார் போல,
சிரித்தார்.
'இதுக்கோ இவ்வளவு அலைச்சல்?
விடு, அப்பா அனுப்பிறன்.'

எட்டு வயதில் என்றால் துள்ளியிருப்பேன்.
இப்போது கையெல்லாம் வியர்த்தது.
'அனுப்பாதேங்கோ' என்றேன்.
'அனுப்பாமல் இருக்கிறதை மட்டும்
எழுதித் தாங்கோ.'
அழுத குழந்தைகூட
ஒரு கணம் நிறுத்தியது போலிருந்தது.

கடிதம் வந்தது, படமாக, வட்ஸ்அப்பில்.
ஏழு வரி, நான்கு எழுத்துப்பிழை.
'நான் எனது மகளுக்கு யாதொரு பணமும்'
என்று தொடங்கும் வரியில்
பேனை ஓரிடத்தில் அழுத்தி நின்றிருந்தது.
நிழற்படி எடுத்தபோது
அந்தப் புள்ளி இன்னும் கறுத்தது.
திருக்கேதீசன் கையெழுத்து வைத்தார்.
பிரதேச செயலகத்தில் முத்திரை விழுந்தது,
கொஞ்சம் சரிந்து.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்க
அம்மாவின் கைபேசி கிணுங்கியது.
கணக்கில் நாற்பதாயிரம் வரவு.
அனுப்பியவர் பெயர்
என் பெயரின் பின்பாதி.

'எடுத்து வை, பஸ்ஸுக்காகும்' என்றாள் அம்மா,
கையில் நண்டு வாடையோடு.
நான் படிவத்தின் பிரதியை விரித்து வைத்திருக்கிறேன்.
பிற வருமானம் என்றொரு பெட்டி.
மாதம் எவ்வளவு, ஆண்டு எவ்வளவு.
ஒரேயொரு முறை என்பதை எழுத
அதில் இடமில்லை.