மேசை மட்டமா?

எங்கள் தீவில் ரயில் கிடையாது.
அதனால்தான் வாங்கினேன்:
ஒரு எஞ்சின், மூன்று பெட்டி,
பன்னிரண்டு வளைந்த துண்டு, நாலு நேர்த்துண்டு,
திருகுவதற்கு ஒரு கறுப்புக் குமிழ்.
அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருந்தது:
பத்தே நிமிடத்தில் ஓடும்.

பத்தாவது நிமிடத்தில் கவிழ்ந்தது.

எய்விந்துர் கடலில் இருந்தான்,
மேற்கே, இரண்டு வாரத் தூண்டில் படகில்.
தடம் புரண்டுவிட்டது என்று செய்தி அனுப்பினேன்.
மூன்று மணிநேரம் கழித்துப் பதில் வந்தது:
யார்?

ரயில் என்றேன்.
மேசை மட்டமா என்று கேட்டான்,
தேநீர்கூடச் சாய்ந்து நிற்கும் இடத்தில் இருந்துகொண்டு.

சிரித்துவிட்டு, ஒரு முட்டையை மேசையில் வைத்துப் பார்த்தேன்.
அது துறைமுகத்தை நோக்கி உருண்டது.
அவனிடம் சொல்லவில்லை.
மேசைக்கால் அடியில் பால் டப்பா அட்டையை
இரண்டாக மடித்துச் செருகினேன்.
முட்டை நின்றது.
ரயில் நிற்கவில்லை, விழுந்தது.

சாண்ட்கெர்டி துறைமுகத்தில் நான் எடைக்காரி.
பனிக்கட்டியைக் கழித்து மீனை மட்டும் எழுதுபவள்.
அரைக் கிலோ பிசகினாலும் ஏலத்தில் என் பெயர் உருளும்.
அந்தப் பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டேன்:
தேதி, மணி, எந்தப் பெட்டி, எந்த வளைவு.

பதினோரு முறை.

அந்த வாரம் பூமிக்கும் தூக்கமில்லை.
அலமாரியில் கோப்பைகள் நள்ளிரவில்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
பழிபோட ஆள் கிடைத்தது என்று
நில அதிர்வுப் பட்டியலை என் நோட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன்.
செவ்வாய், இரவு 9.42.
ஒன்றே ஒன்றுதான் பூமியின் கணக்கு.
மிச்சம் பத்தும் என் வீட்டுக்குள்ளேயே நடந்தவை.

சக்கரங்களின் இடைவெளியை அளந்தேன். சரி.
ஓர் அச்சில் என் கம்பளிச் சட்டையின் சாம்பல் நூல்
ஏழெட்டுச் சுற்று; ஊசியால் எடுத்தேன்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு
தண்டவாளத்தின் மேல் நகத்தை ஓட்டினேன்.
ஐந்தாவது மூட்டில் தட்டியது.
இணைப்புத் தகட்டுக்குள் நுழையாமல்
அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு கம்பி.
முதல் நாள், அவசரத்தில், நான் செருகியது.
அழுத்தினால் போகும் என்று அழுத்தியது.
கழற்றி, மறுபடி கோத்தேன்.

எவ்வளவு வேகத்தில் விடுகிறாய் என்று கேட்டான்.
குமிழ் எவ்வளவு திரும்புமோ அவ்வளவு.
வளைவிலுமா?
வளைவில் ரயில் என்ன செய்யும் என்று எனக்கெப்படித் தெரியும்?
வாழ்நாளில் ஒரே தடவை ஏறியிருக்கிறோம்,
கல்யாணமான வருடம், பிரேமர்ஹாஃபெனில்.
நீ தூங்கிவிட்டாய்.
நான் உன் தலை என் தோளிலிருந்து நழுவாமல்
பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஜன்னலைப் பார்க்கவில்லை.

இதற்கு அவன் பதில் ஒரு நாள் கழித்து வந்தது.
கடைசிப் பெட்டி லேசாக இருக்குமோ?

சமையலறைத் தராசில் வைத்தேன்.
ஊர் மீனையெல்லாம் நிறுப்பவள்
ஒன்பது நாளாக இதை நிறுக்கவில்லை.
ஈரமில்லாத ரொட்டித் துண்டு போல இருந்தது.

எங்கள் நாணயங்களின் பின்பக்கம் மீன்கள்தான்.
ஒரு குரோனாவில் காட் மீன்.
ஐந்து காட் மீன்களை
அச்சுகளுக்கு நேர் மேலே, டேப் போட்டு ஒட்டினேன்.
குமிழைப் பாதிக்கும் கீழே வைத்தேன்.

முதல் சுற்று. மூன்றாவது. இருபதாவது.
ஐந்தாவது மூட்டில் மட்டும்
இன்னும் ஒரு சின்ன ‘டக்’.
அதை அப்படியே விட்டுவிட்டேன்,
எண்ணுவதற்கு வசதியாக இருந்தது.

ஓடுகிறது என்று அனுப்பினேன்.
எங்கே? என்று கேட்டான்.

ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறது என்றேன்,
ஐந்து மீன் ஏற்றியிருக்கிறேன்.

அவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று
நான் கேட்கவில்லை.
கரைக்கு வந்தால் எப்படியும்
என் தராசில்தான் ஏறவேண்டும்.